சோத்தாங்கைப் பிள்ளை

என் மகனுக்கு ஆறு மாதம் முடிந்த மறுவாரமே அவனுக்கு மரியாதை தெரிந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. முடிவு செய்தவர் என் நாத்தனார். என் கணவருக்குப் பதினோரு வயது மூத்தவர். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் எந்த வீட்டு விசேஷமானாலும் யாருக்கு முதலில் தாம்பூலம், வெற்றிலை நுனி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அவரைக் கேட்டுத்தான் நடக்கும்.

அவருக்குக் கண்ணில் காட்டக் கூடாத பொருள் ஒன்று உண்டென்றால் அது இடது கைதான். இடது கையால் யாராவது தண்ணீர் நீட்டினால், நாக்கு வறண்டு கிடந்தாலும் வாங்க மாட்டார். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள், வலது கையில் தோசைக் கரண்டி இருந்ததால் இடது கையால் பீரோ சாவியை நீட்டினேன். அதற்கு அவர் என்னைப் பேசவில்லை. என்னைப் பெற்றவர்களைப் பேசினார். என் பிறந்த ஊரான குரோம்பேட்டையில் பிள்ளை வளர்க்கும் லட்சணம் பற்றி அன்றைக்கு நிறையத் தெரிந்துகொண்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு நானும் பதிலுக்குப் பேசினேன். தோசை கருகியது. அதிலிருந்து எங்கள் இருவருக்கும் அப்படித்தான். சண்டை போடாத நாளில் இரண்டு பேருக்குமே சாப்பாடு இறங்காது.

அப்படிப்பட்டவர் முன்னால் என் மகன் ஆறு மாதத்தில் கிலுகிலுப்பையை வலது கையால் வாங்கினான். அடுத்த தடவையும் வலது கை. அதற்கடுத்த தடவையும். இடது பக்கமாக நீட்டினால்கூட உடம்பையே திருப்பி வலது கையைக் கொண்டுவந்து வாங்கினான். நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை.

"இன்னா புத்தி பாத்தியா. நீ ரெண்டு புள்ள பெத்தாலும் ஒனக்கு வராத மரியாத, இதுக்குப் பொறக்கும்போதே வந்துகீது" என்றார் என்னிடம்.

இடது கையை அவன் கட்டைவிரலை உள்ளே மடக்கி இறுக மூடியே வைத்திருப்பான். அதற்கும் ஒரு விளக்கம் கிடைத்தது. என் மாமனார் காலத்தில் ஏரியை ஒட்டி இருந்த நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்றுவிட்டார்கள். மிச்சம் இருந்ததில் என் கணவர் வேளச்சேரி ரோட்டில் சிமெண்ட், கம்பி, ஜல்லிக் கடை போட்டிருந்தார். "வித்துத் தின்ன வம்சத்துல கெட்டியா புடிச்சிக்கிறவன் ஒருத்தன் வந்துட்டான்" என்று நாத்தனார் சொன்னதும் கடைக்கு வருகிற மேஸ்திரி வரைக்கும் அந்தச் செய்தி போய்விட்டது.

குளிப்பாட்டும்போது எனக்கு மட்டும் அந்தக் கை பெரிய பாடாக இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். உள்ளங்கையில் பால் புளித்த வாடை அடிக்கும், அழுக்கு சேர்ந்திருக்கும். பிரித்துத் துடைத்துவிட்டுக் கையை எடுத்தால் மறுபடி மூடிக்கொள்ளும். வலது கை அப்படி இல்லை. எனக்கு இது தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. என் வாயைப் பற்றித் தெருவுக்கே தெரியும், பால்காரன் தண்ணீர் கலந்தால் ஏரி வரைக்கும் கேட்கிற மாதிரி கேட்பேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் ஊமையாக இருந்தேன். காரணம் வேறொன்றுமில்லை. பிள்ளையை எல்லோரும் புகழ்ந்தார்கள், கேட்க எனக்கு நன்றாக இருந்தது.

பதினோராவது மாதம் காது குத்து வைத்தோம். அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போல இருக்கும். நாத்தனார் பிள்ளையை ஜமக்காளத்தின் நடுவில் உட்கார வைத்து, வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுப் பரீட்சை வைத்தார். ஒரு பெரியப்பா வாழைப்பழத்தை இடது பக்கம் நீட்டினார். பிள்ளை திரும்பி வலது கையால் வாங்கினான். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு சித்தி பழத்தைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் இடது தோளுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிள்ளை குடை சாய்ந்து விழுந்து, விழுந்த நிலையிலும் வலது கையை நீட்டினான். கைதட்டல் இன்னும் பெரிதாக வந்தது. பாதி பழம் நசுங்குகிற வரைக்கும் இது நடந்தது. ஒரு டாக்டர் செய்திருக்க வேண்டிய சோதனையை நாங்கள் இருபது பேர் கூடிச் சரியாகச் செய்து முடித்து, விடையை மட்டும் தலைகீழாக எழுதிக்கொண்டோம்.

எதிர்வீட்டுக் குழந்தை எங்களுடையதைவிட ஒரு மாதம் சின்னது. அது முட்டி போட்டுத் தவழ்ந்து எங்கள் வீட்டு வாசல் வரை வந்து கோலத்தை அழித்துவிட்டுப் போகும். எங்கள் பிள்ளை உட்கார்ந்தபடியே, வலது கையை ஊன்றித் தரையைத் தேய்த்துக்கொண்டு நகர்வான். என் கணவரிடம் சொன்னேன்.

"எங்க வூட்ல எல்லாருமே லேட்டு. பாத்துக்கலாம்" என்றார்.

அவருக்கு எல்லாமே பார்த்துக்கலாம்தான். சிமெண்ட் லோடு வரவில்லையா, பார்த்துக்கலாம். கூரை ஒழுகுகிறதா, பார்த்துக்கலாம். அவர் பார்த்து நான் பார்த்ததில்லை.

பிள்ளைக்குப் பதினாறு மாதம் நடக்கும்போது போலியோ சொட்டு மருந்துக்காக நானும் நாத்தனாரும் அவனைத் தூக்கிக்கொண்டு பஞ்சாயத்துக் கட்டடத்துக்குப் போனோம். மாதம் இரண்டு தடவை அங்கே நர்சம்மா வருவார். நீலக்கரைப் புடவை, கையில் ஒரு பிளாஸ்க். அதிகம் பேசமாட்டார். சொட்டு மருந்து கொடுத்து முடித்ததும் அழுகையை நிறுத்துவதற்காக ஒரு மாத்திரை டப்பாவை அவனிடம் நீட்டினார். அவன் வலது கையால் வாங்கினான்.

நாத்தனாரால் சும்மா இருக்க முடியவில்லை. "பாத்தியா நர்சம்மா, பீச்சாங்கைய நீட்டவே மாட்டான்" என்றார்.

நர்சம்மா எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"எத்தன மாசத்துலேர்ந்து?"

"ஆறு மாசத்துலேர்ந்து" என்றார் நாத்தனார், மெடல் வாங்கப் போகிறவர் மாதிரி.

நர்சம்மா பேனாவை மூடி வைத்தார். பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கித் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டு, அவன் வலது கையை மெதுவாகத் தன் உள்ளங்கைக்குள் பிடித்துக்கொண்டார். டப்பாவை அவன் இடது கைக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து ஆட்டினார். உள்ளே இரண்டு மாத்திரை கிடந்து சத்தம் போட்டது. பிள்ளை டப்பாவைப் பார்த்தான். வலது கையை இழுத்துப் பார்த்தான். அது வரவில்லை. பிறகு கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, வாயால் டப்பாவைப் பிடிக்கப் போனான். இடது கை மூடியபடி மடியில் கிடந்தது.

வரிசையில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"ஒரு வயசு வரைக்கும் கொழந்தைக்கு ரெண்டு கையும் ஒண்ணுதாம்மா" என்றார் நர்சம்மா என்னிடம். "எது பக்கத்துல இருக்கோ அதத்தான் நீட்டும். சோத்தாங்கை பீச்சாங்கையெல்லாம் அதுக்குத் தெரியாது. இவன் மரியாத பண்ணல. இவனுக்கு அந்தக் கை வரல."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாத்தனார் நர்சம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தார். பிள்ளை பெற்றவளா அவள், சொட்டு மருந்து ஊற்றுகிறவளுக்குக் கையைப் பற்றி என்ன தெரியும், கண்ணு பட்டுவிட்டது, மிளகாய் சுற்றிப் போட வேண்டும். என் கணவர் சாயங்காலம் கேட்டுவிட்டு, "பாத்துக்கலாம்" என்றார்.

"நீங்க பாத்துகினே இருங்க. நான் நாளைக்குப் போறேன்" என்றேன். கல்யாணமான பிறகு எனக்கும் அந்த 'கினு' ஒட்டிக்கொண்டுவிட்டது, கோபத்தில் மட்டும் வரும்.

நர்சம்மா எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு, தாம்பரம் வரை பஸ், அங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின், சைதாப்பேட்டையில் இறங்கி நடை. ஒரு பழைய வீட்டில் அந்தப் பயிற்சி நிலையம் இருந்தது. அங்கே டாக்டர் பிள்ளையின் கையையும் காலையும் மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பிறக்கிற சமயத்தில் தலைக்குள் ஒரு சின்ன இடத்தில் அடிபட்டிருக்கலாம். அதனால் இடது பக்கத்துக்குப் போகிற கட்டளை சரியாகப் போவதில்லை. கையிலேயே ஒரு குறையும் இல்லை, காலில் பாதிப்பு கொஞ்சம்தான். விடாமல் பழக்கினால் தலை வேறு வழி கண்டுபிடித்துக்கொள்ளும். சின்ன வயதில் அது சுலபம், வளர வளரக் கஷ்டம்.

"ஆறு மாசத்துல வந்திருந்தா இன்னும் நல்லாயிருந்திருக்கும்" என்றார். "இப்பவும் வந்துட்டீங்கல்ல. மூணு வயசுல தூக்கிட்டு வர்றவங்க இருக்காங்க."

பத்து மாதம். வாழைப்பழம் நீட்டிக் கைதட்டியே பத்து மாதத்தைத் தின்றிருக்கிறோம். திரும்பி வரும் ரயிலில் பல்லாவரம் வரைக்கும் அழுதேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார். பிள்ளை வலது கையால் வாங்கினான். "அடடா, என்னா மரியாத" என்றார் அவர். நான் குரோம்பேட்டை வரைக்கும் சேர்த்து அழுதேன்.

பயிற்சி சொல்லிக் கொடுக்க அங்கே ஒரு தெரபி மேடம் இருந்தார். நல்ல ஆகிருதி, குரலும் அப்படியே. அவர் போட்ட சட்டம் இதுதான். கட்டைவிரலை வெளியே எடுத்துத் தினமும் கையைப் பிரித்து நீவிவிட வேண்டும். உள்ளங்கையைத் தரையில் ஊன்றிப் பழக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, விளையாட்டு மாதிரி, வலது கையை வலிக்காமல் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் இடது கைக்கே நீட்ட வேண்டும். கொடுப்பதும் இடது கைக்கு, வாங்குவதும் இடது கையிலிருந்து.

"வீட்டுல பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க மேடம்" என்றேன்.

"பெரியவங்களுக்கு ரெண்டு கையும் வருதில்ல? அப்ப அவங்க சும்மா இருக்கட்டும்."

இந்த வாக்கியத்தை நான் வீட்டில் அப்படியே ஒப்பித்தேன். நாத்தனார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அதன் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே. மளிகைக் கடை அண்ணாச்சி தினமும் காலையில் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கொடுப்பார். நான் பிள்ளையின் வலது கையை முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு, "இந்தக் கையில குடுங்க அண்ணாச்சி" என்று இடது கையைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"காலங்காத்தால போணி நேரத்துல பீச்சாங்கையில குடுக்கச் சொல்லுதீயளே."

"மருந்து மாதிரி நெனச்சிக்குங்க."

அவர் யோசித்துவிட்டு பிஸ்கட்டைக் கடைப் பலகையின் ஓரத்தில் வைத்து, கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் பாக்கலை. நீங்க எடுத்துக்கிடுங்க." அன்றிலிருந்து எங்களைப் பார்த்தாலே அவர் பிஸ்கட்டைப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்பி நிற்பார். நான் பிள்ளையின் இடது விரல்களைப் பிரித்து அதற்குள் பிஸ்கட்டைத் திணிப்பேன்.

பிள்ளையார் கோவிலில் இன்னும் மோசம். விபூதித் தட்டோடு வந்த குருக்கள் பிள்ளையின் இடது கை நீண்டிருப்பதைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். நீண்டிருப்பதாவது, நான் முழங்கையைப் பிடித்து நீட்டியிருந்தேன்.

"கொழந்தையோட சோத்துக் கை எங்கேம்மா?"

"அது லீவு சாமி."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிக்கலே வேண்டாமென்று நேராக நெற்றியில் பூசிவிட்டுப் போய்விட்டார். பின்னாலிருந்து நாத்தனார் என் முதுகில் கிள்ளினார். அவர் எப்போது வந்து நின்றார் என்றே தெரியாது.

இதெல்லாம் நடக்கும்போது தெருவில் வேறொரு கூத்து. மூன்றாவது வீட்டுக்காரர் தன் மகனின் வலது கையைத் துண்டால் உடம்போடு சேர்த்துக் கட்டி, பிளாஸ்டிக் மட்டையை இடது கையில் கொடுத்துப் பந்து போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பையனுக்கு நாலு வயது. அவன் அழுதுகொண்டிருந்தான். நான் பதறிப்போய், "என்னாச்சு, உங்க பையனுக்கும் கை வரலையா?" என்று கேட்டேன்.

"என்னக்கா தெரியாத மாதிரி கேக்கறீங்க. உங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரே. லெஃப்ட் ஹேண்ட் பேட்ஸ்மேனுக்குத்தான் டீம்ல சீக்கிரம் எடம் கெடைக்குமாமே. பட்டணத்துல கோச் சொல்லித்தான் உங்க புள்ளைக்கு ட்ரெயினிங் குடுக்கறீங்களாம். நீங்க மட்டும் முன்னேறினா எப்படிக்கா?"

நேராகக் கடைக்குப் போனேன். என் கணவர் மேஸ்திரி இருவரோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். என் நடையைப் பார்த்ததுமே மேஸ்திரிகள் ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

"எந்த கோச்சுங்க?" என்றேன்.

அவர் சிமெண்ட் மூட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டே நின்றார். "கேக்கறாங்கடி. கடைக்கு வர்றவன்லாம் கேக்கறான். எனக்குச் சொல்ல வாய் வரல" என்றார். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. என் கோபம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. 'பார்த்துக்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருந்த ஆளுக்கு உள்ளுக்குள் எவ்வளவு பயம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அந்தப் பயத்தில்தான் அவர் பார்க்காமலே இருந்திருக்கிறார்.

திரும்பி வரும்போது மூன்றாவது வீட்டு வாசலில் நின்று, தெருவில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். "கிரிக்கெட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. என் புள்ளைக்கு எடது கை வரல. வர வைக்கிறோம். அவ்ளோதான். அந்தப் பையன அவுத்து வுடுங்க." அவர் அவிழ்த்துவிட்டார். பையன் முதல் காரியமாக வலது கையால் மட்டையை எடுத்து அப்பா காலில் ஒன்று போட்டான்.

அதற்குப் பிறகு என் கணவர் வியாழக்கிழமைகளில் கடையை மேஸ்திரி பொறுப்பில் விட்டுவிட்டு எங்களோடு சைதாப்பேட்டைக்கு வர ஆரம்பித்தார். ரயிலில் பிள்ளையின் இடது கட்டைவிரலை நீவிக்கொண்டே வருவார். அந்த மும்முரத்தில் இறங்க மறந்து நுங்கம்பாக்கம் வரை போய்விட்டுத் திரும்பி வந்ததும் உண்டு.

மூன்று மாதம் இப்படிப் போனது. பிள்ளை எழுந்து நின்றான், இடது குதிகால் தரையில் படாமல் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்தான். கையும் கொஞ்சம் தளர்ந்தது. பொருளை வைத்துவிட்டால் பிடித்துக்கொண்டிருப்பான். ஆனால் தானாக நீட்டவில்லை. ஒரு தடவைகூட இல்லை. தெரபி மேடம் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நீங்க எடுத்து வைக்கறது வேற, அவனா நீட்டறது வேற. ஒரே ஒரு தடவ அவனா நீட்டிட்டா போதும், அந்தக் கை இருக்குன்னு அவனுக்கே தெரிஞ்சிடும். வீட்டுல சரியா பண்றீங்களா?"

"பண்றோம் மேடம்."

"நெஜமா? எல்லாரும்?"

அந்த 'எல்லாரும்' என்னை உறுத்தியது. மறுநாள் மாடியில் துணி காயப்போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் இறங்கி வந்தேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். மடியில் பிள்ளை. அவன் வலது கையில் முறுக்கு. தரையில் கிடந்த துகள்களைப் பார்த்தால் அது முதல் முறுக்கு இல்லை.

அன்றைக்கு நான் பேசியதை எழுத முடியாது. அவர் பேசியதையும் எழுத முடியாது. கடைசியில் அவர் குரல் உடைந்து, "ஏங்குதுடி புள்ள. ஒரு முறுக்குக்கு அந்த அழுவ அழுவுது. எனக்குன்னு ஒண்ணும் கெடையாது, இத அழ வுட்டுட்டு என்னால பாத்துகினு இருக்க முடியல" என்றார்.

"நாளைக்கு இவன் சட்டை பட்டன் போடத் தெரியாம நின்னு அழுவான். அப்ப நீங்க இருப்பீங்களா முறுக்கு குடுக்க?" என்று கேட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது. அவர் பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்து போய்விட்டார். இராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் முறுக்கு டப்பாவை என் கையில் கொண்டுவந்து கொடுத்தார். "நீயே வச்சிக்க. என் கைக்கு எட்டாத எடத்துல வை" என்றார்.

பிறகு இரண்டு வாரம் போயிருக்கும். மாம்பழ சீசன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவர் கொட்டிவாக்கம் பக்கம் லோடு இறக்கப் போய்விட்டு ஒரு கூடை பங்கனபள்ளி வாங்கி வந்திருந்தார். பிள்ளைக்கு மாம்பழம் என்றால் உயிர். கூடத்தில் தரையில் உட்கார்ந்து, அவனை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையை என் கையில் பிடித்துக்கொண்டேன். ஒரு துண்டு நறுக்கி இடது கைக்குக் கிட்டே காட்டினேன்.

அவன் வாயைத் திறந்துகொண்டு வந்தான். துண்டைத் தள்ளி வைத்தேன். வலது கையை இழுத்தான். விடவில்லை. அழ ஆரம்பித்தான். அழுகை கூச்சலானது. மூச்சு பிடித்து முகமெல்லாம் சிவந்துவிட்டது. என் கணவர் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். நாத்தனார் சுவரோரம் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முறத்தில் ஒரே அரிசியைத் திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டிருந்தார்.

எனக்கும் பொறுமை போய்விட்டது. சொல்வதற்கு வெட்கம்தான். "எத்தன நாளுக்குடா இப்படி? நீட்டேண்டா. ஒரு தடவ நீட்டித் தொலையேண்டா" என்று பிள்ளையின் முகத்துக்கு நேராகக் கத்தினேன். இருபது மாதக் குழந்தையிடம்.

பளார் என்று விழுந்தது.

கன்னத்தில் பாதி, மூக்கில் பாதி. மூக்குத்தி குத்தி ஒரு சொட்டு ரத்தம் வந்தது. எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அவனுடைய வலது கை என் கைக்குள்தான் இருந்தது. குனிந்து பார்த்தேன், இருந்தது.

"பெத்தவள பீச்சாங்கையால அடிக்கிறியாடா, நாயே" என்று நாத்தனார் முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தார். எழுந்தவர் பாதியில் நின்றார். அரிசி தரையெல்லாம் சிதறியது.

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டான். தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தான். விரல்கள் பாதி திறந்திருந்தன. அது அங்கே எப்படி வந்தது என்று அவனுக்கே ஆச்சரியம்.

நான் சிரித்தேனா அழுதேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சத்தம் மட்டும் வந்தது. சத்தம் கேட்டு வாசலிலிருந்து ஓடி வந்த என் கணவர் என் மூக்கில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி ஆச்சு, யாரு அடிச்சா?" என்றார்.

"உங்க புள்ள. எடது கையால" என்றேன்.

அவர் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

நாத்தனார் அரிசியை மிதித்துக்கொண்டு எங்கள் கிட்டே வந்தார். பிள்ளைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்தார். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, குனிந்து, கன்னத்தை அவன் இடது பக்கமாகக் கொண்டுபோய் வைத்தார்.

"எங்க, அத்தைக்கும் ஒண்ணு குடு கண்ணு" என்றார்.

நான் அவன் வலது கையை விடவில்லை.